பாலத்துக்கு அந்தப் பக்கமும் பினாங்குதான்

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் எங்கள் வானொலி நிலையத்து வாட்சாப் எண்ணுக்கு ஒரே கேள்வி வரிசையாக வந்து விழும். "பினாங்குக்கு மூணு நாள் வர்றோம். எங்க போகலாம், எங்க சாப்பிடலாம்?"

காலை நேர அறிவிப்பாளன் நான். பத்து ஆண்டுகளாக இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி, இப்போது எழுதி வைத்துப் படிக்க வேண்டிய தேவையே இல்லை. லிட்டில் இந்தியா, கொடிமலை, தண்ணீர்மலை, பத்து ஃபிரிங்கி கடற்கரை, நாசி கண்டார், செண்டோல். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்து அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன்.

கடந்த விடுமுறையில் இதே பட்டியலோடு என் சொந்தக் குடும்பத்தையே சுற்றிக் காட்ட வேண்டியிருந்தது. கிள்ளானில் இருந்து அக்கா, அத்தான், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், கூடவே அப்பா. அம்மா தவறிய பிறகு அப்பா அக்காவோடுதான் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், மூட்டு வலி உண்டு. எங்கே கூட்டிப் போனாலும் "நல்லாருக்குப்பா" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார்.

அந்த மூன்று நாளில் என் பட்டியலில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. சுற்றிப் பார்க்க வேண்டிய இடங்களையும் வழக்கம்போலச் சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள்: கால்நடையாக ஜோர்ஜ்டவுன்

காலையில் அப்பா ஒன்றே ஒன்று கேட்டார். "ஃபெர்ரியில ஏறணும்." காடியில் பாலம் வழியாக வந்துவிட்டதில் அவருக்குத் திருப்தி இல்லை. கீழ்த்தளத்தில் காடியும் மேல்தளத்தில் ஆளுமாகப் போன பழைய ஃபெர்ரிகள் 2020ஆம் ஆண்டு இறுதியோடு ஓய்வு பெற்றுவிட்டன. 2023 ஆகஸ்டில் இருந்து புதிய ஃபெர்ரிகள் ஓடுகின்றன. பயணிகளும் மோட்டார் சைக்கிள்களும் ஏறலாம், காடிக்கு இடமில்லை. குளிர்சாதன வசதி உண்டு. பிள்ளைகள் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு கப்பல்களை எண்ணினார்கள்.

பட்டர்வொர்த்தில் இறங்கி, அடுத்த ஃபெர்ரியிலேயே திரும்பினோம். அப்பா அந்தக் கரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "வாங்கப்பா, வெயில் ஏறிடும்" என்று நான்தான் அவசரப்படுத்தினேன்.

ஜோர்ஜ்டவுனும் மலாக்காவும் 2008 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. நகரத்தின் பழைய பகுதியைக் கால்நடையாகப் பார்ப்பதுதான் சரி. ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கெலிங் சாலையில் நடந்தால் ஒரு பக்கத்திலிருந்து 1818ஆம் ஆண்டின் செயின்ட் ஜோர்ஜ் தேவாலயம், அடுத்து சீனர்களின் குவான் யின் கோயில், பக்கத்துத் தெருவில் 1833இல் எழுந்த ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில், அதற்கப்பால் 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் என நான்கு சமயங்களின் வாசல்களையும் சிறிய நடையில் கடந்துவிடலாம்.

இதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. அந்தப் பள்ளிவாசலைக் கட்ட முன்னின்றவர் காதர் முகைதீன் என்ற தமிழ் முஸ்லிம் வணிகர். லெபோ சூலியா என்ற தெருப் பெயரே தமிழ் முஸ்லிம்களைக் குறித்து வந்தது. அந்தத் தெருவில் நாகூர் ஆண்டகையின் பெயரில் ஒரு தர்கா இருக்கிறது. தேவாலயத்தைக் கட்டியவர்கள் கைதிகள். கிழக்கிந்தியக் கம்பெனி அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து கைதிகளைக் கப்பலேற்றி வந்து இங்கே சாலை போடவும் கட்டடம் எழுப்பவும் வைத்தது.

பன்னிரண்டு வயது மருமகனுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. லெபோ ஆர்மேனியனில் சைக்கிள் ஓட்டும் இரண்டு பிள்ளைகளின் சுவரோவியத்துக்கு முன்னால் படம் பிடிக்க வேண்டும் அவனுக்கு. 2012இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் வரைந்தது. அரை மணி நேரம் வரிசையில் நின்றோம். காலை ஒன்பது மணிக்கு முன்னால் போனால் வரிசை இருக்காது.

மதியம் நாசி கண்டார். மலாயில் கண்டார் என்றால் தோளில் தடியின் இரு முனையிலும் சுமையைத் தொங்கவிட்டுத் தூக்குவது. நம் காவடி மாதிரிதான். தமிழ் முஸ்லிம்கள் ஒரு பக்கம் சோறும் மறு பக்கம் கறியுமாகத் தூக்கிக்கொண்டு போய்த் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற உணவு இது. "பஞ்ஜிர்" என்று சொன்னால் எல்லாக் கறியையும் கலந்து சோறு மிதக்கும்படி ஊற்றுவார்கள். விலையைக் கேட்டுவிட்டுப் பெரிய இறாலைக் கை காட்டுங்கள். நான் கேட்கவில்லை.

இரண்டாம் நாள்: இரண்டு மலைகள்

கொடிமலைக்கு விடுமுறை நாளில் போவதென்றால் காலை முதல் இரயிலைப் பிடிக்கப் பாருங்கள். ஆயர் ஈத்தாம் அடிவாரத்திலிருந்து மலையேறும் இந்த இரயில் 1923இல் ஓடத் தொடங்கியது. இப்போதுள்ள பெட்டிகள் 2011இல் வந்தவை. சில நிமிடத்தில் மேலே கொண்டுபோய் விட்டுவிடும். மலைத்தொடரின் உச்சி 833 மீட்டர். மேலே ஒரு முருகன் கோயிலும் பக்கத்திலேயே பள்ளிவாசலும் இருக்கின்றன. வானம் தெளிவாக இருந்தால் தீவையும் கடலையும் இரண்டு பாலங்களையும் அந்தக் கரையையும் ஒருசேரப் பார்க்கலாம். இந்த மலைக்காடு 2021இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாகவும் ஆனது.

இறங்கி வந்தால் கெக் லோக் சி புத்தர் கோயில் அருகில்தான். 1930இல் முடிந்த ஏழடுக்குக் கோபுரமும் 30 மீட்டர் உயர குவான் யின் சிலையும் அங்கே பார்க்க வேண்டியவை. படிகள் அதிகம். முதியவர்களோடு போகிறவர்கள் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாலையில் தண்ணீர்மலை. தாவரவியல் பூங்காவுக்குப் போகும் சாலையில் நாட்டுக்கோட்டை செட்டியார் கோயில், அதைத் தாண்டி மலைமேல் அருள்மிகு பாலதண்டாயுதபாணி கோயில். 513 படிகள். தைப்பூசத்துக்கு முதல் நாள் செட்டியார்களின் வெள்ளி இரதம் நகரத்திலிருந்து புறப்பட்டு இங்கே வரும். 1894ஆம் ஆண்டிலிருந்து ஓடுகிற இரதம் அது. 2017இலிருந்து தங்க இரதமும் வருகிறது. வழிநெடுக உடைபடும் தேங்காய்களில் சீனர்கள் உடைப்பதும் ஏராளம்.

பிள்ளைகளும் அக்காவும் படியேறினார்கள். நான் அப்பாவோடு கீழே உட்கார்ந்துகொண்டேன்.

"தைப்பூசத்துக்கு லாரியில வருவோம்" என்றார் அப்பா. நான் கேட்காமலே பேசியது அந்தப் பயணத்திலேயே அதுதான் முதல் தடவை. "தோட்டத்துல இருந்து ராத்திரி கிளம்பி, ஃபெர்ரியில லாரியோட ஏறி வருவோம். வருசத்துல அந்த ஒரு நாள்தான் எங்களுக்குத் தீவு. மத்த நாளெல்லாம் இந்தப் பக்கத்து விளக்கை அங்க இருந்து பார்க்கிறதோட சரி."

கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கு அந்தப் பக்கம் போகலாமாப்பா?" என்றார்.

நான் பினாங்கில் வேலைக்கு வந்து பத்து ஆண்டுகள். அப்பா பிறந்த தோட்டம் பாலத்துக்கு அந்தப் பக்கம், பத்து காவான் பகுதியில் இருந்தது என்று தெரியும். ஒரு நாள்கூட நான் போய்ப் பார்த்ததில்லை. எத்தனையோ குடும்பங்களுக்கு வழி சொன்ன எனக்கு, அவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று தோன்றவே இல்லை.

மூன்றாம் நாள்: இரண்டாகப் பிரிந்தோம்

ஆனால் மூன்றாம் நாளுக்குத் தெலுக் பாஹாங்கில் உள்ள எஸ்கேப் கேளிக்கைப் பூங்காவுக்கு நுழைவுச் சீட்டு ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. 1,111 மீட்டர் நீளத் தண்ணீர்ச் சறுக்கு அங்கே இருக்கிறது. 2019இல் கின்னஸ் சாதனையில் இடம் பிடித்தது. பிள்ளைகள் ஒரு மாதமாக அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். "பரவால்ல விடுங்க, இன்னொரு தடவை பார்த்துக்கலாம்" என்றார் அப்பா. அக்காதான் விடவில்லை. அத்தான் பிள்ளைகளோடு தெலுக் பாஹாங் போவது, நானும் அக்காவும் அப்பாவோடு அந்தப் பக்கம் போவது, இரவு நிபோங் திபாலில் எல்லாரும் சேர்ந்துகொள்வது என்று முடிவானது.

தெலுக் பாஹாங் பக்கம் ஒரு முழு நாள் வைத்துக்கொள்வது நல்லது. எந்தோப்பியா வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, நறுமணப் பயிர்த் தோட்டம், காட்டு வழியே நடந்து ஆமைகள் முட்டையிடும் பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்குப் போகும் தேசியப் பூங்கா எல்லாமே அங்கே பக்கம் பக்கமாக உள்ளன. டுரியான் பருவத்தில் வந்தால் மலையைச் சுற்றிக்கொண்டு பாலிக் பூலாவுக்கும் போய் வாருங்கள்.

நாங்கள் மூவரும் 2014இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலத்தில் ஏறினோம். நீளம் 24 கிலோமீட்டர். இடப் பக்கம் பச்சையாகத் தெரிந்த தீவைக் காட்டி, "உங்க தாத்தா முதல்ல இறங்குனது அங்கதான்" என்றார் அப்பா. ஜெரஜாக் தீவு. கப்பலில் வந்த தொழிலாளர்களை நோய் பரவாமல் இருக்க முதலில் அங்கே தடுத்து வைப்பார்கள். தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி 1930களில் வந்தவர். ஜெரஜாக்கில் தொழுநோயாளிகளுக்கான இல்லமும் இருந்தது. பிற்காலத்தில், 1969 முதல் 1993 வரை, அது சிறைத்தீவாகவும் இருந்தது. அந்தச் சிறைக் கதையை நானே வானொலியில் சொல்லியிருக்கிறேன். தாத்தா கதை எனக்குத் தெரியாது.

வெல்லெஸ்லி மாகாணம்

பினாங்கு மாநிலத்தில் தீவு சிறிய பாதிதான். பெருநிலத்தில் இருக்கும் செபராங் பிறை பரப்பில் அதைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. 1800இல் கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் பெற்றுக்கொண்ட இந்த நிலத்துக்கு வெல்லெஸ்லி மாகாணம் என்று இந்தியாவின் கவர்னர் ஜெனரல் பெயரை வைத்தார்கள்.

மலாயாவில் தோட்டத் தமிழரின் கதை தொடங்கிய இடங்களில் இது முக்கியமானது. ரப்பருக்கு முன்னால் இங்கே கரும்புதான். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்த மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். அந்த ஒப்பந்த முறை 1910இல் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு கங்காணி வழியாக ஆட்கள் வந்தார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது.

பத்து காவான் ஒரு காலத்தில் ஆறுகளால் பெருநிலத்திலிருந்து பிரிந்திருந்த தீவு. இப்போது பாலத்தை விட்டு இறங்கியதும் பேரங்காடி, ஐக்கியா, விளையாட்டரங்கம், மின்னணுத் தொழிற்சாலைகள். சாலைகள் அகலமாகவும் புதிதாகவும் இருந்தன. அப்பாவுக்கு எந்தப் பக்கம் கிழக்கு என்றே தெரியவில்லை. "இங்க ஒரு வாய்க்கால் இருந்துச்சு… அதத் தாண்டுனா பெரட்டுக் களம்…" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் கைப்பேசி வரைபடத்தைப் பார்த்து ஓட்டினேன். அவர் சொன்ன எதுவும் அந்த வரைபடத்தில் இல்லை.

கடைசியில் வழி காட்டியது ஓர் அம்மன் கோயில். அங்கிருந்த பெரியவர் ஒருவர் அப்பாவிடம், "நீங்க எந்த லயம்?" என்று கேட்டார். எந்த ஊர் என்று கேட்கவில்லை, என்ன வேலை என்று கேட்கவில்லை. அப்பா சொன்னதும், "அட, கிணத்தடி லயமா?" என்றார். இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள். யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள், தோட்டம் கைமாறியபோது யார் எங்கே போனார்கள் என்றே பேச்சு ஓடியது.

அப்பா வீடு இருந்த இடம் இப்போது ஒரு தொழிற்சாலையின் காடி நிறுத்துமிடம். வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். அப்பா அழவில்லை. "இங்கதான் பாட்டி பால் வெட்டிட்டு வந்து சோறு ஆக்கும். ரெண்டு அறைதான், ஒன்பது பேரு" என்றார். பிறகு சிரித்தார். "இப்ப இத்தனை காடி நிக்கிற எடத்துல, அப்ப மொத்தத் தோட்டத்துக்கும் துரையோட காடி ஒண்ணுதான்."

அக்கா வேலியோரமாக நின்று காணொளி எடுத்தாள். பாட்டி பெயர், அக்கம்பக்கத்தார் பெயர், பள்ளிக்கூட வாத்தியார் பெயர் என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்க, அப்பா சொல்லிக்கொண்டே வந்தார். அடுத்த தலைமுறைக்கு எங்களிடம் இருப்பது அந்தப் பதினான்கு நிமிடங்கள்தான்.

புக்கிட் மெர்தாஜாமில் ஒரு பாறை

அங்கிருந்து அரை மணி நேர ஓட்டத்தில் புக்கிட் மெர்தாஜாம். புனித அன்னம்மாள் திருத்தலம் எல்லாருக்கும் தெரிந்தது. ஜூலை 26ஆம் தேதியை ஒட்டி வரும் திருவிழாவுக்கு நாடு முழுவதிலுமிருந்து கூட்டம் வரும். 1888இல் கட்டிய பழைய ஆலயம் மலையடியில் இன்னும் இருக்கிறது. எதிரில் 2002இல் எழுப்பிய பெரிய ஆலயம், 2019இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. எங்கள் பாட்டி ஒவ்வோர் ஆண்டும் இங்கே வந்து மெழுகுவத்தி ஏற்றுவாராம். "மாரியம்மாவும் அன்னம்மாவும் அவங்களுக்கு ஒண்ணுதான்" என்றார் அப்பா.

பலருக்குத் தெரியாத இன்னொன்றும் அந்த வளாகத்திலேயே இருக்கிறது. செரோக் தோக்குன் பாறை. தென்னிந்தியாவின் பழைய எழுத்து முறையில் வெட்டப்பட்ட கல்வெட்டு அதில் உள்ளது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. ஜேம்ஸ் லோ என்ற ஆங்கில அதிகாரி 1845இல் இதைக் கண்டு பதிவு செய்தார். எழுத்துகள் மிகவும் தேய்ந்துவிட்டன, உற்றுப் பார்க்க வேண்டும். கூலிக்கு ஆள் எடுக்கும் காலத்துக்குப் பல நூற்றாண்டு முன்பே நம் பக்கத்து எழுத்து இந்தக் கரைக்கு வந்துவிட்டது என்பதற்கு அது சாட்சி. சுவரோவியத்துக்கு அரை மணி நேரம் வரிசையில் நின்ற நாங்கள், இங்கே தனியாக நின்றோம்.

இருட்டில் மின்மினி

மாலையில் தெற்கே நிபோங் திபால். பக்கத்தில்தான் கலிடோனியா தோட்டமும், 99 கதவு மாளிகை என்று மக்கள் சொல்லும் பழைய தோட்டத்துரை வீடும். சிதிலமாகிவிட்டது. பேய்க் கதைகளுக்காகவே இப்போது பேசப்படுகிறது. அந்த மாளிகையைச் சுற்றி இருந்த லயங்களின் கதையை யாரும் சொல்வதில்லை.

இரவு சாப்பாட்டுக்கு அத்தானும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். வெயிலில் கறுத்து, சறுக்கிய கதையைச் சொல்லி ஓயவில்லை. பிறகு கிரியான் ஆற்றில் படகு. உயிர்காப்பு உடை போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், இயந்திரத்தைக் குறைத்துக் கரையோர பெரெம்பாங் மரங்களிடம் கொண்டுபோவார்கள். மரம் முழுக்க மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னி அணைந்தன. கைப்பேசியில் படம் பிடிக்க முயலாதீர்கள், விழாது. வெளிச்சம் அடித்தால் பூச்சிகளுக்கும் கெடுதல். நிலா இல்லாத, மழை இல்லாத இரவாகப் பார்த்து, முன்கூட்டியே படகுக்காரரிடம் பேசிவிட்டு வாருங்கள்.

மூன்று நாளில் மருமகன் வாயை மூடியிருந்தது அந்தப் படகில்தான்.

திரும்பும்போது அப்பாவும் பிள்ளைகளும் என் காடியில் ஏறிக்கொண்டார்கள். பாலத்தை நெருங்குகையில் அக்கா எடுத்த காணொளியை மருமகன் பார்த்திருக்க வேண்டும். "தாத்தா, உங்க வீடு எங்க?" என்றான். இருட்டு. தொழிற்சாலை விளக்குகள் மட்டும் தெரிந்தன. அப்பா சன்னல் வழியாகக் கை நீட்டி, "அந்தா, அங்க" என்றார்.

"என்னை ஏன் கூட்டிட்டுப் போகல மாமா?" என்று அவன் என்னைக் கேட்டான். சறுக்கு விளையாட்டுத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தவன் அவன்தான். ஆனாலும் அவனிடம் நாங்கள் கேட்கவே இல்லை என்பதும் உண்மை. அடுத்த விடுமுறைக்கு அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

வருகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

மூன்று நாள் வருகிறீர்கள் என்றால் இரண்டு நாளைத் தீவுக்கும் ஒரு நாளைச் செபராங் பிறைக்கும் ஒதுக்குங்கள். தீவுக்குள் ரெப்பிட் பினாங்கு பேருந்தே போதும். 204 கொடிமலைக்கும் 101 தெலுக் பாஹாங்குக்கும் போகும். பெருநிலத்துக்குக் காடி வேண்டும். கோலாலம்பூரிலிருந்து இரயிலில் வருகிறவர்கள் பட்டர்வொர்த்தில் இறங்கி நடந்தே ஃபெர்ரிக்குப் போகலாம். குடையும் தண்ணீர்ப் புட்டியும் எப்போதும் கையில் இருக்கட்டும்.

இன்னொன்று. கிளம்புவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள். போன மாதம் காலை நிகழ்ச்சியில் ஒரு நேயர் வழக்கம்போல, "பினாங்குல எங்க போகலாம்?" என்று கேட்டார். பட்டியலைச் சொல்லும் முன், "உங்க தாத்தா பாட்டி எந்தத் தோட்டம்ங்க?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வால்டோர்னு சொல்வாங்க, சரியாத் தெரியல. அம்மாகிட்டக் கேக்கணும்" என்றார். அதன் பிறகு பைராம், கலிடோனியா, மலாக்கோஃப் என்று மற்ற நேயர்களின் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. அன்று இரண்டு பாட்டைக் குறைக்க வேண்டியதாகிவிட்டது.